சூழல் மாறினால் மண் நுண்ணுயிர்கள் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: வெப்பம் ஏறினால், மழை பொய்த்தால், ரசாயன உரம் போட்டால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அவை எதற்கும் பழகிக்கொள்ளும், கவலை வேண்டாம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது சரி? ஒருமுறை மாறிய மண் பழையபடி திரும்புமா?

இரண்டு தரப்பிடமும் ஆதாரம் இருக்கிறது. ‘மண் நுண்ணுயிர்கள்’ என்று ஏதோ ஒரே ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி அளவில் பாக்டீரியா செல்கள் இருக்கலாம். 1990-ல் நார்வேயில் விக்டிஸ் தோர்ஸ்விக்கின் குழு காட்டு மண்ணிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, பிரிந்த இழைகள் மறுபடி ஒன்றோடொன்று சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தது. வகைகள் கூடக் கூட, தன் இணையைக் கண்டுபிடிக்க இழைக்கு நேரம் கூடும். அந்த மண்ணில் ஏறக்குறைய 4,000 வெவ்வேறு மரபணுத் தொகுதிகள், அதாவது ஏறக்குறைய அத்தனை வகை பாக்டீரியா, இருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. அதுவரை கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்து ‘இவைதான் மண் பாக்டீரியா’ என்று நினைத்திருந்தவை அதில் மிகச் சிறிய பங்கு.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் எந்த நேரத்திலும் உறக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஈரம், உணவு, வெப்பம் மூன்றும் சேர்ந்து வாய்க்கும்போது மட்டும் விழித்து வேலை பார்க்கிறார்கள். அதனால் ஒரு மாற்றம் வந்தவுடன் ‘செத்ததா, பிழைத்ததா’ என்று கேட்பதைவிட, யார் இருக்கிறார்கள், என்ன வேலை நடக்கிறது என்று தனித்தனியாகக் கேட்பது நல்லது. ஆட்கள் முழுக்க மாறியும் வேலை அப்படியே நடக்கலாம். ஆட்கள் அப்படியே இருக்க, வேலை மட்டும் நின்றுபோகலாம்.

வறட்சியிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் இது பளிச்சென்று தெரியும். மண் காயும்போது முதலில் வருவது தாகம் இல்லை, பசி. மண் துகள்களைச் சுற்றியிருக்கும் நீர்ப்படலம் மெலிந்து துண்டு துண்டாகிறது. நீரில் கரைந்து வரும் உணவு வந்து சேரும் வழி அறுந்துவிடுகிறது. பாக்டீரியா நகரவும் முடியாது. பக்கத்துத் துளையில் உணவு இருந்தும் எட்டாது. இன்னும் காய்ந்தால் செல்லுக்குள் இருக்கும் நீரையே மண் இழுக்கத் தொடங்கும். அதைத் தடுக்க டிரெஹலோஸ் என்ற சர்க்கரை, புரோலின் என்ற அமினோ அமிலம் போன்றவற்றைச் செல்லுக்குள் சேர்த்து நீரைப் பிடித்துவைக்கின்றன. சில, தம்மைச் சுற்றிப் பிசின் போன்ற பூச்சைப் பூசிக்கொள்கின்றன. பேசில்லஸ், ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் கடினமான உறையுள்ள வித்துகளாக மாறி ஒதுங்கிவிடுகின்றன. பூஞ்சைக்கு வேறொரு வசதி உண்டு. அதன் இழைகள் காற்று நிரம்பிய இடைவெளியையும் தாண்டிப் போய் ஈரமுள்ள இடத்தைத் தொட்டுவிடும். காய்ந்த மண்ணில் பூஞ்சைகள் பாக்டீரியாவைவிடத் தாக்குப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் மழை வருகிறது. நமக்கு அது நிம்மதி. நுண்ணுயிருக்கோ வறட்சியைவிட ஆபத்தான கணம் அதுதான். உள்ளே சர்க்கரையும் அமினோ அமிலமும் செறிந்து கிடக்க, வெளியே திடீரென்று நல்ல தண்ணீர். நீர் பாய்ந்து உள்ளே வர, சேர்த்து வைத்ததை அவசரமாக வெளியே கொட்டாவிட்டால் செல் வெடித்துவிடும். கொட்டப்பட்டதையும் வெடித்துச் செத்தவற்றையும் பிழைத்தவை தின்கின்றன. மண் கட்டிகள் உடைந்து, உள்ளே ஒளிந்திருந்த மட்கிய பொருளும் வெளிப்படுகிறது. இவற்றால் சில மணி நேரத்துக்குள் மண்ணிலிருந்து கரியமில வாயு குபுகுபுவென்று கிளம்பும். இதை 1958-ல் கிழக்கு ஆப்பிரிக்க மண்களை வைத்து விரிவாகக் காட்டியவர் பர்ச் என்ற ஆய்வாளர். இன்றும் அதற்குப் பெயர் பர்ச் விளைவுதான். ஆய்வகத்தில் மண்ணை உலர்த்திச் சலித்து நனைத்து அளக்கும்போது நாமே இந்த விளைவை உண்டாக்கிவிடுகிறோம். அதனால்தான் நனைத்தவுடன் அளக்காமல் சில நாள் விட்டு அளப்பது வழக்கம். இதைச் செய்யாமல் ‘இந்த மண்ணில் உயிர் பொங்குகிறது’ என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

உறக்கத்திலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவதும் இல்லை. கலிஃபோர்னியப் புல்வெளி மண்ணை நனைத்துப் பார்த்து 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு மணி நேரத்தில் எழும் குழு, 3 முதல் 24 மணி நேரத்தில் எழும் குழு, 24 முதல் 72 மணி நேரத்தில் எழும் குழு என்று வரிசையையே காட்டியது. யார் எந்த முறையில் எழுவார்கள் என்பது பெரும்பாலும் அவர்களுடைய வம்சத்தைப் பொறுத்திருந்தது. முதல் மழைக்கு எழும் மண்வாசனையும் இந்தக் கதையில் சேர்ந்ததே. அந்த மணத்தில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு உரியது. அதை உண்டாக்குபவற்றில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோமைசிஸ். அந்த வாசனையைத் தேடி வந்து பாக்டீரியாவைத் தின்னும் வால்துள்ளிப் பூச்சிகள், அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோகின்றன என்று 2020-ல் தெரிய வந்தது. நாம் ரசிக்கும் மணம் யாருக்கோ போட்ட அழைப்பு.

வெப்பத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹார்வர்ட் காடு என்ற ஆய்வுக் காட்டில் 1991 முதல் ஒரு சோதனை நடக்கிறது. மண்ணில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மின்கம்பிகளைப் புதைத்து, பக்கத்து மண்ணைவிட 5 டிகிரி செல்சியஸ் அதிகமாக வருடம் முழுதும் வைத்திருக்கிறார்கள். ஜெரி மெலிலோவின் குழு 2017-ல் முதல் 26 ஆண்டுகளின் கணக்கை வெளியிட்டது. முதல் பத்து ஆண்டு கரியமில வாயு அதிகமாக வெளியேறியது. பிறகு சில ஆண்டுகள் சூடேற்றிய மண்ணுக்கும் சாதாரண மண்ணுக்கும் வித்தியாசமே இல்லை. அந்தக் கட்டத்தோடு சோதனையை நிறுத்தியிருந்தால், ‘பார்த்தீர்களா, பழகிவிட்டன’ என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் அடுத்த கட்டத்தில் வெளியேற்றம் மறுபடி ஏறியது, பின் மறுபடி அடங்கியது.

அந்த அமைதியான ஆண்டுகளில் என்ன நடந்தது? எளிதில் செரிக்கும் உணவு தீர்ந்துபோயிருந்தது. நுண்ணுயிர்களின் மொத்த அளவு குறைந்திருந்தது. கூட்டத்தின் அமைப்பு மாறிக்கொண்டிருந்தது. அப்படி மாறி வந்த கூட்டம், முன்பு யாரும் அவ்வளவாகத் தொடாத லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) போன்ற கடினமான பொருளை உடைக்கத் தொடங்கியபோது இரண்டாம் அலை வந்தது. மேல் 60 சென்டிமீட்டர் மண்ணில் இருந்த கார்பனில் சுமார் 17 சதவீதம் அந்த 26 ஆண்டுகளில் போய்விட்டது.

ஐஸ்லாந்தில் இதே கேள்விக்கு இயற்கையே ஒரு சோதனைக்களம் வைத்திருக்கிறது. நிலத்தடி வெப்பத்தால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சூடாகவே இருக்கும் புல்வெளிகள் அங்கே உண்டு. கொஞ்சம் தள்ளி நடந்தால் அதே மண், சாதாரண வெப்பநிலையில். 2018-ல் வெளிவந்த முடிவு என்னைப் போன்றவர்கள் பாடம் நடத்தும் முறையையே மாற்றியது. அரை நூற்றாண்டு சூட்டுக்குப் பிறகும், ஒரே எடையுள்ள நுண்ணுயிர்களை எடுத்துக்கொண்டால் அவை வெப்பத்துக்கு ஏற்ப வேகமாகவே சுவாசித்தன. வேகம் குறையவில்லை. எண்ணிக்கைதான் குறைந்திருந்தது, காரணம் மண்ணில் உணவு குறைந்திருந்தது. வெளியிலிருந்து மொத்த வாயுவை மட்டும் அளந்தால் இது ‘பழக்கம்’ மாதிரி தெரியும். பந்தியில் கூட்டம் கலைந்ததைப் பார்த்துவிட்டு எல்லோரும் அளவாகச் சாப்பிடப் பழகிவிட்டார்கள் என்று சொல்வதுபோல் அது.

சரி, உண்மையான பழக்கம் என்று எதுவும் இல்லையா? உண்டு. வெப்பம் கூடினால் செல் சவ்வின் கொழுப்பு அமிலங்கள் மாறும், வேறு வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும் நொதிகள் வரும், சூடு தாங்கும் வகைகள் பெருகும். ஆனால் கார்பன் கணக்கைத் தீர்மானிப்பதில் இவற்றைவிட உணவு இருப்பே பெரிய பங்கு வகிக்கிறது என்பது என் கணிப்பு. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது, வளிமண்டலத்தில் இருப்பதைவிட அதிகம். அதனால் இது வெறும் ஆய்வகச் சண்டை இல்லை.

உரத்தைப் பற்றிப் பேசும் முன் பி.எச். பற்றிச் சொல்லியாக வேண்டும். மண் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்லும் எண் அது; 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். 2006-ல் நோவா ஃபியரர், ராபர்ட் ஜாக்சன் இருவரும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் 98 இடங்களிலிருந்து எடுத்த மண்ணை ஒப்பிட்டார்கள். செடி, விலங்குகளைப் போல வெப்பமண்டலக் காட்டு மண்ணில்தான் பாக்டீரியா வகைகளும் அதிகமாக இருக்கும் என்றுதான் யாரும் ஊகிப்பார்கள். நடந்தது நேர்மாறு. பெருவின் அமேசான் காட்டு அமில மண்ணில் வகைகள் குறைவு, வறண்ட நிலத்தின் நடுநிலை மண்ணில் அதிகம். வெப்பமோ மழையோ அட்சரேகையோ விளக்காததைப் பி.எச். என்ற ஒரே எண் விளக்கியது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒரு வயல் பட்டை உண்டு. பழைய காலத்தில் சீராக இல்லாமல் சுண்ணாம்பு இட்டதால், ஒரு முனையில் பி.எச். 4-ஐ ஒட்டியும் மறுமுனையில் 8-ஐ ஒட்டியும் இருக்கும். நடந்தே கடக்கக்கூடிய தூரம்தான். அமில முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் பாக்டீரியா வகைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகின்றன. பூஞ்சைகள் அவ்வளவாக அசைந்துகொடுக்கவில்லை.

பி.எச். ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. 5-க்குக் கீழே போனால் களிமண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து நஞ்சாகிறது. பல பாக்டீரியாக்களுக்கு வாழத் தகுந்த பி.எச். எல்லை குறுகியது, பூஞ்சைகளுக்கு அகலமானது.

இப்போது உரம். ‘ரசாயன உரம் நுண்ணுயிரைக் கொல்கிறது’ என்ற வாக்கியம் எனக்குப் பிடிக்காது. முழுப் பொய் என்பதால் இல்லை, எப்படிக் கொல்கிறது என்று அது சொல்வதில்லை என்பதால். இரண்டு தொகுப்பாய்வுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2008-ல் கேத்லீன் டிரெசெடர் பெரும்பாலும் இயற்கை நிலங்களில் நடந்த 82 கள ஆய்வுகளைத் தொகுத்தார். நைட்ரஜன் சேர்த்த இடங்களில் நுண்ணுயிர் அளவு சராசரியாக 15 சதவீதம் குறைந்திருந்தது. 2014-ல் பயிர் நிலங்களில் நீண்ட காலம் நடந்த 64 சோதனைகளைத் தொகுத்தபோது, ரசாயன உரமிட்ட நிலத்தில் உரமே இடாத நிலத்தைவிட நுண்ணுயிர் அளவு சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது. ஒரே எண், எதிர்த்திசை! பயிர் நிலத்தில் உரம் பயிரை வளர்க்கிறது, வேரும் தாளும் அதிகமாக மண்ணுக்குத் திரும்புகின்றன, நுண்ணுயிருக்குச் சாப்பாடு கூடுகிறது. ஆனால் அதே தொகுப்பில், பி.எச். 5-க்குக் கீழே இறங்கிய மண்களில் இந்த ஆதாயம் நிலைக்கவில்லை. அங்கே உரம் நுண்ணுயிரைக் குறைக்கும் பக்கமே சாய்ந்தது. உரத்திலுள்ள அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளியாகிறது. ஆண்டுக்கணக்கில் அது சேர்ந்து மண்ணைப் புளிக்கவைத்தால் உரத்தால் வந்த லாபத்தை அமிலம் தின்றுவிடும்.

அளவு கூடியதால் எல்லோரும் நலம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மைகோரைசா எனப்படும் வேர்ப்பூஞ்சைகள் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொண்டு பதிலுக்கு மணிச்சத்தும் தழைச்சத்தும் கொடுப்பவை. சத்து எளிதாகக் கிடைக்கும்போது செடி அவற்றுக்கு அளக்கும் சர்க்கரையைக் குறைத்துவிடும். நைட்ரேட்டை வாயுவாக மாற்றும் பாக்டீரியாக்களிடம் இன்னொரு கோளாறு உண்டு. கடைசிப் படியில் நைட்ரஸ் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாக்கும் நொதி அமில மண்ணில் சரியாக உருவாவதில்லை. வேலை பாதியில் நின்று நைட்ரஸ் ஆக்சைடு காற்றுக்குப் போகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. ஆட்கள் இருக்க, வேலை நின்றுபோகலாம் என்று மேலே சொன்னதற்கு இது நல்ல உதாரணம்.

ஆட்கள் போனாலும் வேலை நிற்காத நிலைமை எப்போது? இலையை, தாளை மட்கவைக்க ஆயிரக்கணக்கானோருக்குத் தெரியும். ஒருவர் போனால் இன்னொருவர். அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்பவர்கள் அப்படி இல்லை. சில பாக்டீரியாக் குழுக்களும், ஆர்க்கியா எனப்படும் வேறொரு வகை ஒற்றைச் செல் உயிர்களில் சிலவும்தான் அதைச் செய்கின்றன. மீத்தேனைத் தின்பவர்களும் ஒரு சின்னக் குழுதான். அதனால் ஒரு மாற்றத்தால் மண்ணின் மொத்தச் சுவாசம் குறையவில்லை என்று ஆறுதல் அடைந்துவிட முடியாது. அது ஆயிரம் பேர் செய்யும் வேலையை அளந்தது.

காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினால்? பிரேசிலின் ரோண்டோனியா பகுதியில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு ஒரு விசித்திரத்தைக் காட்டியது. ஒரு பிடி மண்ணில் இருக்கும் பாக்டீரியா வகைகள் மேய்ச்சல் நிலத்தில் கூடியிருந்தன. வெட்டியது நல்லதாகிவிட்டதா என்றால், இல்லை. காட்டில் ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு கூட்டம் இருந்தது; மேய்ச்சல் நிலத்தில் எங்கே தோண்டினாலும் ஏறக்குறைய அதே கூட்டம். ஒரு மாதிரியை மட்டும் சோதனைக்கு அனுப்பி ‘பல்லுயிர் வளம் அதிகம்’ என்று சான்றிதழ் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டி.என்.ஏ. அறிக்கைகளைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. செத்த செல்லின் டி.என்.ஏ. களிமண்ணில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். 2016-ல் பல வகை மண்களைச் சோதித்தபோது, கிடைத்த டி.என்.ஏ.வில் சராசரியாக 40 சதவீதம் இப்படி உயிரோடு இல்லாதவற்றுடையது என்று தெரிந்தது. இறந்தவர்கள் பெயரை நீக்காத வாக்காளர் பட்டியல் மாதிரி. வறட்சி முடிந்து ஒரு மாதத்தில் எடுத்த பட்டியல் ‘எந்த மாற்றமும் இல்லை’ என்று சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இதுவரை ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் சொன்னேன், மண்ணுக்கு அவை அப்படி வருவதில்லை என்று தெரிந்தேதான். 2019-ல் பெர்லினில் மத்தியாஸ் ரில்லிக்கின் குழு வெப்பம், வறட்சி, நைட்ரஜன், உப்பு, கன உலோகம், நுண்நெகிழி, களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாட்டிக் என்று பத்துக் காரணிகளை எடுத்தது. முதலில் தனித்தனியாக, பிறகு இரண்டு, ஐந்து, எட்டு, பத்து என்று கலந்து மண்ணில் சேர்த்தது. தனியாகப் பெரிதாக எதுவும் செய்யாதவைகூட எண்ணிக்கை கூடக் கூட மண்ணின் செயல்பாடுகளையும் பூஞ்சை வகைகளையும் ஒரே திசையில் கீழே இழுத்தன. தனித்தனி விளைவுகளைக் கூட்டிப் பார்த்து அந்த முடிவை ஊகித்திருக்க முடியாது.

கடைசிக் கேள்வி, திரும்புமா? ஸ்டீவன் ஆலிசன், ஜெனிஃபர் மார்டினி இருவரும் 2008-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வேகமாகப் பெருகுபவை நுண்ணுயிர்கள், அதனால் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதுதான் அன்றைய பொது நம்பிக்கை. பெரும்பாலான ஆய்வுகளில் கூட்டத்தின் அமைப்பு மாறியிருந்தது, பலவற்றில் சில ஆண்டுகள் கழித்தும் திரும்பியிருக்கவில்லை. எதனால் மாறியது என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது. ஒரு பருவ வறட்சி என்றால் உறங்கிக் கிடந்தவர்கள் எழுந்து வருவார்கள், வேலை சில வாரங்களில் சரியாகலாம். அமிலம் ஏறியதால் என்றால், அமிலம் இருக்கும் வரை எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பழைய கூட்டம் வராது. பாக்கெட்டில் வாங்கிய நுண்ணுயிர் உரத்தைக் கொட்டினாலும் அந்தச் சூழலில் அவற்றால் நிலைக்க முடியாது. சுண்ணாம்பு இட்டுப் பி.எச்.ஐ உயர்த்தினால் அவை தாமாகவே பெருகத் தொடங்கும். அடிக்கடி உழுது அறுந்துபோன பூஞ்சை வலை, பாக்டீரியாவைவிட மெதுவாகத்தான் மீளும். கரைந்து போன மட்கு எல்லாவற்றையும்விட மெதுவாக, பல பத்தாண்டுகளில் சேரும்.

ஆகவே மண் பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்தால், நுண்ணுயிர் பட்டியலுக்குப் போகும் முன் பி.எச்., கரிமக் கார்பன் என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். அந்தப் பட்டியலில் யார் இருக்க முடியும், அவர்களுக்குச் சாப்பிட என்ன மிச்சம் என்பது ஓரளவு அங்கேயே தெரிந்துவிடும்.